தனிக் கிண்ணம்

கானசவா மழை ஊர். கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அங்கே சொல்வார்கள். மாரிச்செல்வி இரண்டையும் மறப்பவள்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரிலிருந்து ஜப்பானுக்குப் போனவள். உலோகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. குப்பையைப் பிரித்து எந்தக் கிழமை எதைப் போடவேண்டும் என்று தெரியும். பச்சை முட்டையைச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் மறுக்கத் தெரியும். பழைய சைக்கிள் ஒன்று உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, அவ்வளவுதான். காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்கள்.

பேச்சென்று இருந்தது வியாழக்கிழமையில்தான்.

வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகத்தில் தேநீர்ப் பயிற்சி. பாய் விரித்த சின்ன அறை. மாணவர்கள் நான்கு பேர். சொல்லித்தருபவர் ஒகுடா சென்செய். ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. பகலில் அஞ்சலகத்தில் வேலை. செல்வியை அங்கேதான் பிடித்தார்.

"உனக்குப் பொட்டலம் வந்தா எனக்கு மூணு நாள் தும்மல். உள்ளே என்ன?"

"மிளகாய்ப்பொடி, சென்செய். அம்மா அனுப்பினது."

"வியாழக்கிழமை தேநீர் இருக்கு. வா. பொடி வேண்டாம்."

போனாள். கால் மரத்துப்போக உட்கார்ந்தாள். குடிக்குமுன் கிண்ணத்தைத் திருப்பக் கற்றாள். பக்கத்தில் உட்காரும் மிசாகி, பெயரோடு மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து, "செல்வி-சான், உன் கால் இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்பாள். "செத்துப் பத்து நிமிஷமாச்சு" என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வைத்து மற்ற ஆறு நாளையும் ஓட்டிவிடலாம்.

அதுவரை குடித்தது நீர்த்த தேநீர். ஆளுக்கொரு கிண்ணம். நவம்பர் வந்தது. சென்செய் சொன்னார்.

"அடுத்த வாரம் கெட்டித் தேநீர். ஒரே கிண்ணம். ஒருத்தர் குடிச்சு அடுத்தவருக்குக் கொடுக்கணும்."

செல்வி கேட்டாள். "ஏன் சென்செய், ஒரே கிண்ணம்? வேற கிண்ணம் இல்லையா?"

சென்செய் அலமாரியைத் திறந்தார். வரிசை வரிசையாகக் கிண்ணங்கள்.

"இருபத்தேழு" என்றார். மூடினார்.

அன்றே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஒரே கிண்ணத்துலயா? நாலு பேருமா?"

"ஆமாம்மா."

"ஏட்டி, நீ வாய் வச்சிராத. யாராச்சும் ஏதாச்சும் சொல்லிருவாங்க."

"இங்க யாரும்மா சொல்லப்போறா?"

"எங்கன போனாலும் சொல்றதுக்குன்னு ஒரு ஆள் இருக்கும்."

அம்மா சொன்னதில் காரணம் இருந்தது. அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் ஊர் டீக்கடையில் அவர்கள் தெருவுக்கென்று தனிக் குவளை. கடைக்கு வெளியே ஆணியில் தொங்கும். குடித்துவிட்டுக் கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். குவளை போய்விட்டது. அம்மாவின் பயம் போகவில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையோ, சிநேகிதி வீட்டுச் செம்போ, மகள் எதிலும் வாய் வைக்கக் கூடாது. யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.

அதனால் அண்ணாந்து குடிப்பதில் செல்வியை மிஞ்ச ஆளில்லை. ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே குடிப்பாள். ஒரு சொட்டுச் சிந்தாது.

வியாழன் வந்தது. கறுத்த கிண்ணம். முதலில் ஒருவன் குடித்தான். பிறகு மிசாகி. மூன்றாவது செல்வி. கிண்ணத்தை இரு கையாலும் வாங்கினாள், வணங்கினாள், அண்ணாந்தாள், வாய்க்கு மேலே ஒரு சாண் தூக்கிச் சாய்த்தாள்.

ஒன்றும் வரவில்லை.

கெட்டித் தேநீர் இட்லி மாவுப் பதத்தில் இருக்கும். அது அவளுக்குத் தெரியாது. இன்னும் சாய்த்தாள். மொத்தமாக வந்தது. மூக்கில், கன்னத்தில், கழுத்தில், பாயில்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டம். அவள் ஊராக இருந்தால் மறு வியாழன் வரை சிரித்திருப்பார்கள். இங்கே ஆளுக்கொரு துணி நீட்டினார்கள். "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார்கள். நாலாவது ஆள் காலிக் கிண்ணத்தை வாங்கி, அதையும் முறைப்படி வணங்கினான்.

சென்செய் மட்டும் சொன்னார். "பாயைத் துடை. நார் ஓடுற பக்கமா."

அடுத்த வியாழன் போனாள். அவள் இடத்தில் சின்ன நீலக் கிண்ணம் ஒன்று இருந்தது. அழகான கிண்ணம்.

"இது செல்வி-சானுக்குத் தனி" என்றாள் மிசாகி. "இனிமே உனக்குச் சிரமமே இல்லை."

எல்லோருக்கும் மகிழ்ச்சி. கறுத்த கிண்ணம் அவளைத் தாண்டிப் போனது. அவள் நீலக் கிண்ணத்தில் குடித்தாள். நன்றி சொன்னாள். கழுவி வைத்தாள்.

அடுத்த வியாழன் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. ஆய்வகத்தில் அவளும் காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். இனிப் போவதில்லை என்று முடிவு செய்தாள்.

அஞ்சலகத்திலிருந்து சீட்டு வந்தது. பொட்டலம். போகாமல் முடியுமா? போனாள்.

சென்செய் மூக்கைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைத் தள்ளினார்.

"கையெழுத்து. ரெண்டு வியாழன் காணோம்."

"ஆராய்ச்சி வேலை, சென்செய்."

"பொய்."

செல்வி கையெழுத்துப் போட்டாள்.

"இன்னிக்கு வியாழன்" என்றார் சென்செய். "மத்தவங்களுக்குப் பரீட்சை, வரமாட்டாங்க. அஞ்சு மணி."

ஐந்து மணிக்கு இடி இடித்து மழை பெய்தது. நனைந்துகொண்டே போனாள். அறையில் சென்செய் மட்டும். கெண்டியில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார்.

"தலையைத் துடை. சொல்லு."

"ஒண்ணுமில்லை, சென்செய்."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு வாரம்?"

செல்வி துண்டை மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள்.

"அந்த நீலக் கிண்ணம் யார் எடுத்து வச்சது?"

"நான்."

"ஏன்?"

"நீ வாய் வைக்கலை. எங்க வாய் பட்ட கிண்ணம் உனக்கு அசிங்கம்னு நினைச்சேன்."

"ஐயோ, இல்லை சென்செய். என் வாய் பட்டா உங்களுக்கு அசிங்கமா இருக்கக் கூடாதுன்னுதான்."

மழை ஓட்டில் விழுந்தது. பிறகு செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். டீக்கடையை, ஆணியை, குவளையை. அவளுடைய ஜப்பானிய மொழிக்கு அது பெரிய பாரம். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"உங்கப்பா என்ன பண்ணினார்?"

"அந்தக் கடைக்குப் போறதை நிறுத்திட்டார்."

"நீயும் நிறுத்தினே."

"ஆமாம்."

"சரியாத்தான் செஞ்சே" என்றார் சென்செய்.

மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்தார். கறுத்த கிண்ணத்தை எடுத்தார். மூன்று கரண்டிப் பச்சைத் தேயிலைப் பொடி போட்டார், வெந்நீர் விட்டார், மூங்கில் மத்தால் குழைத்தார். குழைக்கும்போது அவர் பேசுவதில்லை. கால் மரத்தது. நன்றாகத்தான் இருந்தது.

கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார்.

செல்வி வணங்கினாள். திருப்பினாள். விளிம்பில் உதட்டை வைத்தாள். தேநீர் மெதுவாக வந்தது. முதல் வாய் கசந்தது. இரண்டாவதும் கசந்தது. மூன்றாவதில் ஒரு இனிப்பு.

"பதம் எப்படி?" என்றார் சென்செய். முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"நல்லா இருக்கு, சென்செய்."

"மீதி இருக்கா?"

"பாதி இருக்கு."

குடித்தவர் தம் வாய் பட்ட இடத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். முறை அது. செல்வி மடியிலிருந்து காகிதத்தை எடுத்தாள். பிரிப்பதற்குள் சென்செய் கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அதைத் திருப்பவில்லை. அவள் உதட்டின் பச்சைத் தடம் இருந்த அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தார்.

செல்வி பதறிவிட்டாள். "சென்செய்! நான் இன்னும் துடைக்கலையே!"

சென்செய் கிண்ணத்தைக் காலி செய்தார். கீழே வைத்தார்.

"ஆறிப்போகும்" என்றார்.