துரைப்பாண்டி சார் போட்ட சத்தம்

பள்ளியின் பேஸ்பால் அணிக்குத் துரைப்பாண்டி சார்தான் பயிற்சியாளர். மைதானத்தில் அவர் குரல் மட்டுமே கேட்க வேண்டும். மாணவிகள் வாய் திறக்கக் கூடாது.

ஒருநாள் உயரப் போன பந்தைப் பிடிக்க சங்கவியும் ரெஜினாவும் ஒரே நேரத்தில் ஓடி, மோதி விழுந்தார்கள். ரெஜினாவின் உதடு கிழிந்தது.

“நாளைக்குப் பத்துப் பந்து அடிப்பேன். சத்தமே போடாமப் பிடிக்கணும். ஒண்ணு விழுந்தாலும் மாவட்டப் போட்டிக்கு ரெண்டு பேரும் வர வேண்டாம்” என்றார் சார்.

ரெஜினா அழுதாள். சங்கவி கைக்குட்டையை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினாள்.

மறுநாள் சங்கவி பணிவாகச் சொன்னாள்: “சார், முதல் பந்தை மட்டும் நீங்க ரெஜினாகூட நின்னு பிடிச்சுக் காட்டுங்க. நாங்க பாத்துக் கத்துக்கிறோம். நான் அடிக்கிறேன்.”

சார் பெருமையாகப் போய் நின்றார். பந்து மேலே ஏறியது. இருவரும் அண்ணாந்தபடியே ஓடிவந்தார்கள்.

“ஏய், நில்லு! நான் பிடிக்கிறேன்!” என்று கத்தினார் சார். ரெஜினா நின்றாள். பந்து அவர் கையில் விழுந்தது.

“ஏன் சார் சத்தம் போட்டீங்க?” என்றாள் சங்கவி.

“போடலேன்னா பிள்ளை மேல மோதியிருப்பேனே!” என்றவர், சொன்னது உறைக்க, ரெஜினாவின் வீங்கிய உதட்டைப் பார்த்தார்.

“ரொம்ப வலிக்குதாம்மா?”

பிறகு மட்டையை வாங்கிக்கொண்டார். “பிடிக்கிறவ கத்தணும். எனக்கு இங்க கேக்கணும்.”

முதல் பந்துக்கு ரெஜினாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

“கேக்கல!” என்றார் சார்.

அடுத்த பந்துக்கு அவள் போட்ட சத்தத்தில், சாலையில் போன சைக்கிள்காரர் காலூன்றித் திரும்பிப் பார்த்தார்.