சாரல், புதியவன் ஆனது

“டீச்சர், நான் ஆளே மாறிட்டேன். ஆனா நெட்டு வரமாட்டேங்கு.”

கோமதிநாயகம் மஞ்சப்பையிலிருந்து ரவுட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டர் முன்னால் கிடத்துவதுபோல வைத்தார்.

உலகம்மை டீச்சர் ரவுட்டரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

“என்னத்த மாத்துனீங்க?”

“மேக் அட்ரஸ. கடைசி ரெண்டு எழுத்த மட்டும்.”

“எதுக்கு?”

கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தென்காசியில் அன்று நல்ல சாரல். கீழே குடைக்கடைக்காரர் சந்தோஷமாக இருந்தார்.

அந்தக் குடைக்கடைக்கு மேலேதான் டீச்சரின் நெட்வொர்க்கிங் வகுப்பு. டீச்சருக்குக் கோமதிநாயகத்தின் மகள் வயதுகூட இருக்காது. ஆனாலும் அவர் உள்ளே வந்தால் கோமதிநாயகம் எழுந்து நிற்பார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வேறு யாருக்கும் எழுந்த பழக்கம் அவருக்குக் கிடையாது.

டீச்சரிடம் ஒரு குறை உண்டு. கேள்வி கேட்டால் பதில் வராது. அவர் ஏதாவது ஒரு வேலையைச் செய்வார், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பணம் கட்டிப் படிக்கிற பையன்களுக்கு இது பெரிய எரிச்சல்.

போன வகுப்பில் மட்டும் அதிசயமாக டீச்சர் வாயைத் திறந்து பாடம் நடத்தினார். ஒவ்வொரு ரவுட்டருக்கும் அது செய்யப்படும்போதே பன்னிரண்டு எழுத்தில் ஒரு அடையாளம் வைத்துவிடுவார்கள், அதுதான் மேக் அட்ரஸ், வேண்டுமானால் அதை மாற்றவும் செய்யலாம் என்றார்.

கோமதிநாயகம் அதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆயுசு முழுக்க லேட்டாக வரும் பஸ்களுக்குக் காத்திருந்த மனிதருக்குப் பாடத்தின் மிச்சப் பாதிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து எழுத்தை மாற்றினார். ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து நெட் இல்லை.

“உங்க வீட்டுக்கு நெட்டு யாரு குடுக்கா?” என்று கேட்டார் டீச்சர்.

“அடுத்த தெரு கேபிள் முத்தையா.”

“போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

போட்டார்.

“யாரு, சார்வாளா? நெட்டு வரலன்னுதான போட்டிய?” முத்தையாவின் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. “ரெண்டு நாளா ஒரு புது நம்பர் வந்து முட்டிக்கிட்டு நிக்கி. உங்க பழைய நம்பரைத்தான நான் இங்கன பதிஞ்சு வச்சிருக்கேன், புதுச உள்ள விடாது. எவன்டா இதுன்னு பாத்தா நீங்கதானா? ரவுட்டர மாத்துனா ஒரு வார்த்த சொல்லப்படாதா? இந்தா, ஏத்தி விட்டுட்டேன். சாரல்ல நனையாதீய, சளி பிடிச்சுக்கிடும்.”

போன் வைக்கப்பட்டது.

“உங்க புது நம்பர் ஒலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சுது,” என்றார் டீச்சர். “அவருக்கும் அது நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு.”

கோமதிநாயகத்துக்கு முகம் தொங்கிப்போனது.

“அப்ப அங்கிட்டு இருக்கவங்களுக்கு? வெப்சைட்டுக்காரங்களுக்கு?”

“அவங்க உங்க மேக் அட்ரஸப் பாத்ததே இல்ல. அது முத்தையா ஆபீஸத் தாண்டாது.”

“பழசும் தெரியாதா?”

“தெரியாது.”

“இத்தன வருஷமாவா?”

“இத்தன வருஷமா.”

அவருக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள் நெட் இல்லாமல் இருந்ததற்கா, வீணாக ஆள் மாறியதற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

“பொறவு எதத்தான் மாத்தணும்? சொல்லுங்க டீச்சர். நான் யாருன்னு ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது. ஒரே ஒரு ஆளுக்கு.”

“யாருக்கு?”

அதைச் சொல்ல அவர் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நெட் என்பது பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மட்டும் இருந்த காலம் அது. பிளைவுட் தடுப்பு, கதவுக்குப் பதில் பூப்போட்ட திரை, கரகரவென்று கத்திக் கத்திக் கடைசியில் உலகத்தைப் பிடித்துவிடும் மோடம். டூட்டி முடிந்து கோமதிநாயகம் அங்கே போவார். ஆடுபுலி ஆட்டத்தை யாரோ ஒரு புண்ணியவான் நெட்டில் ஏற்றி வைத்திருந்தான். அதில் அவர் பெயர் சாரல். எதிரில் எப்போதும் ஒரே ஆள். அவன் பெயர் ஒத்தப்புலி.

அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் என்பது மட்டும் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியாது. கேட்கவேண்டும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை. அந்தக் காலத்து நெட் அப்படி.

“ஒத்தப்புலி எப்பவும் புலி. நான் எப்பவும் ஆடு,” என்றார் கோமதிநாயகம். “வருஷக்கணக்கா ஆடுனோம் டீச்சர். பொறவு வீட்டுக்கே கம்ப்யூட்டர் வந்துட்டு. வடிவு, எம் பொண்டாட்டி, அவளும் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிடுவா. அவளுக்கும் அவன் வணக்கம் வைப்பான். கூடப் பொறந்த அண்ணன் பொண்டாட்டி கணக்கா, மைனி, மைனின்னு உயிர விடுவான்.”

“பொறவு?”

“அவ போய்ச் சேந்துட்டா. நான் கம்ப்யூட்டர மூடிட்டேன். அவன்ட்ட ஒரு வார்த்த சொல்லல.”



“இப்ப ரிட்டயர் ஆனப்புறம் ஒருநா எட்டிப் பாத்தேன். புதியவன்னு ஒரு பேர் போட்டு உள்ள போனேன். அந்த ஆட்டம் இன்னும் இருக்கு டீச்சர். அவனும் இருக்கான். சாயங்காலம் ஆனா அவன் பேருக்குப் பக்கத்துல பச்சப் புள்ளி எரியும். பாத்துக்கிட்டே இருப்பேன். ஒரு ஆட்டம் ஆடணும்னு நெஞ்சு கெடந்து அடிக்கி.”

“ஆட வேண்டியதுதான?”

“பேர மாத்துனாலும் அந்த மேக் நம்பர் காட்டிக் குடுத்துரும்னு நெனச்சேன். நான்னு தெரிஞ்சா, மைனி எப்படி இருக்காங்கன்னுதான் மொதல்ல கேப்பான்.” அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு நான் ஒரு வரி டைப் பண்ணணும்லா? அந்த ஒரு வரிய என் கையால அடிக்க முடியாது டீச்சர். செத்தாலும் முடியாது.”



டீச்சர் எழுந்தார். அலமாரியிலிருந்து ரவுட்டர் வந்த ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்துப் பிரித்து மேஜையில் விரித்தார். மார்க்கரால் அதில் ஆடுபுலிக் கட்டம் வரைந்தார். உச்சியில் மூன்று கேபிள் கிளிப்புகளை வைத்தார். ஒரு கை நிறைய ஸ்குரூக்களை அள்ளிக் கோமதிநாயகத்தின் பக்கம் தள்ளினார்.

“கிளிப்பு புலி. ஸ்குரூ ஆடு. மொதல்ல நீங்க வைங்க.”

என்ன பாடம் இது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு ஸ்குரூவை எடுத்து வைத்தார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். ஆடு புலிக்கு நேர் முன்னால் இருந்தது. அதற்குப் பின்னால் கட்டம் காலி. புலி ஒரே தாண்டில் தாண்டி வெட்டிவிடலாம். ஆடுபுலி தெரிந்தவர்கள் யாரும் முதல் ஆட்டை அந்த இடத்தில் வைக்கமாட்டார்கள். தெரியாதவர்கள்கூட வைக்கமாட்டார்கள்.

“இத யாரு சொல்லிக் குடுத்தா?”

“வடிவுதான்,” என்றார் அவர். சொல்லும்போதே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. “மொத ஆடு எப்பவும் அவதான் வைப்பா. மவுஸப் பிடிக்கத் தெரியாது, ஸ்க்ரீன்ல வெரல வச்சுக் காட்டுவா. ‘பாவம், அந்தப் பிள்ள நாள் பூரா கிரேன்ல நின்னுட்டு வருது, பசியோட வெளையாட விடலாமா’ன்னு கேப்பா. புலிக்குப் பசி தீந்தாத்தான் ஆட்டம் தொடங்கணுமாம். ஒரு ஆடு கொறஞ்ச கணக்குலதான் நான் என்னைக்கும் ஆடிருக்கேன். எத்தன ஆட்டம் தோத்தேன் தெரியுமா, இவளால?”

“அவரு என்ன பண்ணுவாரு?”

“டப்புனு தாண்டி வெட்டிருவான். ‘பசியாறிட்டேன், நன்றி மைனி’ன்னு எழுதுவான். அதப் படிச்சுச் சொன்னாத்தான் இவ அடுப்படிக்குப் போவா.”

டீச்சர் ஒரு கிளிப்பைத் தொட்டார்.

“வெட்டாமலும் விடலாமா?”

“விடலாம். கட்டாயம் ஒண்ணும் கெடையாது. ஆனா வாய்க்கு நேரா நிக்கிற ஆட்ட எந்தப் புலி விடும்?”

டீச்சர் கிளிப்பிலிருந்து கையை எடுத்தார். அட்டையை மடக்கி ஸ்குரூக்களை டப்பாவில் கொட்டினார். ரவுட்டரை மஞ்சப்பைக்குள் வைத்து அவரிடம் நீட்டினார்.

“வீட்டுக்குப் போயி ஆடுங்க சார்.”

“டீச்சர், நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலியே.”

“அடுத்த பேட்ச் வெளிய நிக்குது.”

படியிறங்கும்போது பாதியில் கோமதிநாயகம் நின்றுவிட்டார். பின்னால் வந்த பையன் அவர்மேல் முட்டிக்கொண்டான்.

“என்ன தாத்தா?”

“ஒண்ணும் இல்ல,” என்றார். “ஒரு ஆட்ட எடம் மாத்தி வைக்கணும். அம்புட்டுதான்.”

வழியெல்லாம் அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனார். முதல் ஆடு கீழ் மூலையில். புலிக்கு எட்டாத மூலையில். அதோடு சாரலுக்கும் புதியவனுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

வீட்டில் ரவுட்டரை மாட்டினார். பச்சை விளக்கு வந்தது. முத்தையா சொன்னதைச் செய்கிற ஆள்.

சாயங்காலம் ஒத்தப்புலியின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி எரிந்தது. கோமதிநாயகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். யாரோ நேரில் பார்க்கப்போவதுபோல. புதியவன் ஆட்டத்துக்கு அழைத்தான். ஒத்தப்புலி வந்தான்.

“வணக்கம். புதுசா?” என்று எழுதினான்.

“ஆமா,” என்று அடித்தார் கோமதிநாயகம்.

“வைங்க.”

கட்டம் விரிந்தது. அதே கட்டம். கோடுகள்கூட அதே வெளிறிய பச்சை. மூன்று புலிகள் உச்சியில் உட்கார்ந்திருந்தன. பிரவுசிங் சென்டரின் பூப்போட்ட திரையின் வாசம் அவர் மூக்கில் அடித்தது.

மவுஸைக் கீழ் மூலைக்குக் கொண்டுபோனார். அங்கே அழுத்தினால் போதும்.

பக்கத்தில் ஸ்டூல் கிடந்தது. பெருக்கும்போது நகர்த்துவார், திரும்ப அதே இடத்தில் போட்டுவிடுவார். அதில் யாரும் உட்காருவதில்லை.

மூலையில் ஆட்டை வைத்துவிடலாம். வைத்தால் தப்பித்துவிடலாம். இன்னும் எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் புதியவனாகவே ஆடலாம். ஆனால் வடிவு ஸ்க்ரீனில் விரல் வைத்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடம் இந்த வீட்டில் அவருக்குத் தெரியும், அங்கே அவனுக்குத் தெரியும். அவளோடு ஆடிய மூன்றாவது ஆள் கிடையாது.

அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மவுஸை மேலே கொண்டுபோனார். புலிக்கு நேர் முன்னால் ஆட்டை வைத்தார். தெரிந்தேதான் வைத்தார்.

டப்பென்று தாண்டுவான். பிறகு கேட்பான். கேட்கட்டும். கீபோர்டில் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புலி அசையவில்லை.

நெட் போய்விட்டதோ என்று ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.

எதிரில் எழுதுவதுபோல மூன்று புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. மறுபடி நின்றன.

பிறகு ஒரு புலி நகர்ந்தது. ஆட்டுக்கு முன்னால் இருந்த புலி இல்லை. ஓரத்தில் இருந்த வேறு ஒரு புலி, ஒன்றுக்கும் உதவாத ஒரு கட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது.

கீழே எழுத்து வந்தது.

“மைனி வச்ச ஆடு அங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். அடுத்த ஆட்ட வைங்க.”