நீர்க்காகம் விரித்த இறக்கை

நீர்க்காகம் மதகுத் தூணில் இறக்கையை விரித்து நின்றால், ஈரம் காயவைக்கிறது என்பார்கள். காயவைக்கிறதாம்! தூறல் போடும்போதும் அப்படித்தான் நிற்கிறது. அப்போது எதைக் காயவைக்கிறது? கதை தெரியாதவர்கள் பேச்சு அது.

பறவைகளும் மனிதரும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஏரிக்கரையை வெட்டுவார்கள். வெட்டுவது ஒரு முழம், அடித்துக்கொண்டு போவது ஊர் முழுக்க. இதற்கு வழி கண்டவன் சேந்தன். கரைக்கு அடியில் ஓர் ஆள் ஊர்ந்து போகிற அளவுக்குக் கல்லால் தூம்பு கட்டினான். ஏரிக்குள் இருந்த அதன் வாயைக் கல்லால் அடைத்து, அந்தக் கல்லில் ஒரு கழியைப் பொருத்தி, கழிக்கு இருபுறமும் தூண் நட்டான்; அதுதான் முதல் மதகு. கழியைத் தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது?

தூம்பில் சேறு அடைக்கும். வயல் பக்கமாக உள்ளே ஊர்ந்து போய் அதை அள்ளிவருபவள் அவன் தங்கை கொற்றி. தாய் தகப்பன் போனபின் அவனுக்கென்று இருந்த ஒரே உயிர். ஏரிக்குள் கழியருகே நிற்பவனுக்குக் கரையின் மறுபக்கம் தெரியாது. அதனால் உரக்கக் கேட்பான்:

“கொற்றி, ஏறிட்டியா?”

“ஏறிட்டேன் அண்ணே!” என்று அவள் சொன்ன பிறகே கழியில் கை வைப்பான்.

அப்போது நீர்க்காகத்துக்கு நல்ல குரல். யார் குரலையும் அப்படியே பேசும். தண்ணீரோடு வந்து விழும் மீனுக்காகக் கரைமேல் காத்துக் கிடக்கும்.

அந்த வருஷம் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்தது. தூரத்து வரப்பில் நின்ற சனமெல்லாம், “திற! திற!” என்று கத்தியது.

“கொற்றி, ஏறிட்டியா?”

“ஏறிட்டேன் அண்ணே!”

சேந்தன் கழியைத் தூக்கினான். தூக்கிய பிறகுதான் உறைத்தது. தூம்பிலிருந்து வருபவளுக்கு எப்போதும் மூச்சிரைக்கும். அந்தக் குரலில் இரைப்பே இல்லை.

ஐயோ என்று கழியை இறக்கிவிட்டு மறுபக்கம் ஓடினான். தண்ணீரோடு அவளுடைய சேற்றுக்கூடை மட்டும் வந்து கிடந்தது. உள்ளே ஊர்ந்து பார்த்தான். யாரும் இல்லை. கற்சுவர்ப் பாசியில் மட்டும் கை வழுக்கிய தடங்கள், பாய்ந்த தண்ணீருக்கு எதிராக, ஏரியின் பக்கமாகப் போயிருந்தன.

“நீயா பதில் சொன்னாய்?” என்று நீர்க்காகத்தைக் கேட்டான்.

“பசி... அவள் ஏறியிருப்பாள் என்று நினைத்தேன்.”

“பாவி! போ, ஏரிக்குள் போய் அவளைத் தேடி வா!”

நீர்க்காகம் மூழ்கியது. வெகுநேரம் கழித்துத் தூண்மேல் வந்து ஏறியது. இல்லை என்று சொல்ல அலகைத் திறந்தது, சத்தம் வரவில்லை. வேறு வழியில்லாமல் இரண்டு இறக்கையையும் விரித்துக் காட்டியது.

அப்போது சேந்தனின் காலடியில், தூம்புக் கல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது:

“அண்ணே, இன்னும் ஏறலையே.”

அது கொற்றியின் குரலா, நீர்க்காகம் தொலைத்த குரலா, யாருக்குத் தெரியும்? சேந்தன் அந்தக் கழியை மறுபடி தொடவேயில்லை.

மதகு திறப்பவன் இன்றும் குரலை நம்பமாட்டான். உள்ளே போனவரின் ஈரக்கையைத் தொட்டுப் பார்த்துத்தான் திறப்பான். நீர்க்காகமோ அன்று முதல் மூழ்கித் தேடுகிறது, தூண்மேல் ஏறுகிறது, எப்போதோ செத்துப்போன சேந்தனுக்கு ‘இல்லை’ என்று இறக்கையை விரிக்கிறது.