கையில் வந்த பாதை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் யானையைவிட்டு இறங்கிச் சைக்கிளில் ஏறத் தொடங்கியிருந்த நாளில், ஒரு ராஜாவுக்கு மணிக்கட்டு வலித்தது.

"சாலை கெட்டுவிட்டது, வாஞ்சியப்பரே!" என்றார் சபையில். "கல்யாணமான புதிதில் ராணியை முன்னால் உட்காரவைத்துத் தாமரைக்குளம் வரை மிதிப்பேன். கை நோகாது. இப்போது பாதி வழியிலேயே விரலெல்லாம் மரத்துப்போகிறது. எனக்கு அந்தப் பழைய சாலை வேண்டும்."

சபையின் விகடக்காரரான வாஞ்சியப்பர் வாயைத் திறக்குமுன் படைத்தலைவரான தளவாய் வீரபாகு எழுந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் ராஜா வாஞ்சியப்பரைக் கூப்பிடுவது பத்து வருஷமாக அவருக்கு நெஞ்செரிச்சல்.

"கொண்டுவரட்டும் மகாராஜா. ஆனால் ஒரு கல்லைத் தொடக்கூடாது, ஒரு பிடி மண் போடக்கூடாது. போட்டால் அது புதுச் சாலை ஆகிவிடும். தாங்கள் கேட்பது பழையது அல்லவா?"

"நியாயம்தான். வாஞ்சியப்பரே, எட்டே நாள். பழைய சாலையை என் கையில் கொண்டுவந்து கொடும்."

"கொடுக்காவிட்டால்?" என்று எடுத்துக்கொடுத்தார் தளவாய்.

"நாட்டைவிட்டுப் போகட்டும்!"

வாஞ்சியப்பர் தம் வயதை எண்ணிப் பார்த்தார். அறுபது வயதில் மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது?

"கையில் கொடுத்தால் போதுமா மகாராஜா?"

"கையில்தான்!"

ஆறு நாள் அந்தச் சாலையில் நடையாய் நடந்தார். அதே குழிகள், குறுக்கே ஓடும் அதே புளியமரத்து வேர். சாலை மாறவே இல்லை. ஏழாம் நாள், சொல்லிக்கொண்டு போய்விடலாம் என்று ராணி அலர்மேலைப் பார்க்கப் போனார்.

"சாலையா கெட்டுச்சு? நல்லா இருக்கே!" என்று ராணி சிரித்தாள். "அந்த வேர் வந்தா நான் கண்ணை மூடிக்குவேன். 'அலர், பிடிச்சுக்கோ'ன்னு கத்துவார். நான் இதைத்தான் பிடிச்சுக்குவேன்."

அவள் காட்டிய இடத்தில், இரண்டு கயிறுகளில் தொங்கியது சைக்கிளின் பழைய ஹேண்டில்பார். அதன்மேல் அவளுடைய கிளி.

"இது எப்படி இங்கே வந்தது தாயே?"

"வெள்ளிவிழாவுக்குத் தளவாய் புதுசு மாட்டினாரே, மறந்துட்டீரா? இதைத் தூக்கிப் போட்டாங்க. எனக்கு மனசு வரலே."

வாஞ்சியப்பருக்கு நினைவு வந்தது. 'ராஜா பிடிக்கும் எதுவும் உள்ளே வெறுமையாக இருக்கக்கூடாது என்பது இந்த நாட்டின் வழக்கம். செங்கோல் கெட்டி, சிம்மாசனத்தின் கைகள் கெட்டி. இது மட்டும் வெற்றுக்குழாயா?' என்று தளவாய் முழங்கினார். பீரங்கிப் பட்டறையில் தடித்த கெட்டி இரும்பில் அடித்து, வெள்ளி முலாம் பூசி மாட்டினார். சபையே கைதட்டியது. வாஞ்சியப்பரும்தான் தட்டினார்.

அவர் குழாயை இறக்கினார். கிளி திட்டிக்கொண்டே பறந்தது. குழாயின் நடுவைத் தூணோடு சேர்த்து அழுத்தி, இரண்டு கைப்பிடிகளிலும் உடம்பின் பாரத்தைச் சாய்த்துப் பார்த்தார். அது மயிரிழை அளவு வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது.

"தாயே, இன்னும் கொஞ்ச நாள் இந்த ஊரில்தான் இருப்பேன் போலிருக்கிறது."

ஆசாரியிடம் கொடுத்துத் துருவோ கீறலோ உண்டா என்று தட்டிப் பார்க்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. அதை ராஜாவின் சைக்கிளில் மாட்டி, வெளியே தெரியாதபடி பட்டுத் துணியைச் சுற்றினார்.

எட்டாம் நாள் ராணியோடு சபையே புளியமரத்தடியில் கூடியது. ராஜா மிதித்து வந்தார். சக்கரம் வேரில் ஏறி இறங்கியது.

"அலர், பிடிச்சுக்கோ!"

கத்திய பிறகுதான் முன்னால் யாரும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. இறங்கி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இதுதான்... இதுதான் என் பழைய சாலை!"

"மண் போட்டிருக்கிறார்!" என்று தளவாய் பாய்ந்தார். குனிந்து தேடினார். ஒரு கல்கூட நகர்ந்திருக்கவில்லை.

வாஞ்சியப்பர் பட்டுத் துணியை அவிழ்த்தார். "நடப்பவனுக்குச் சாலை காலில், சைக்கிளில் போகிறவருக்குக் கையில். கையில் கேட்டீர்கள், கையில் கொடுத்தேன். கெட்டிக் கம்பி ஒவ்வொரு குழியையும் அப்படியே மணிக்கட்டில் கொண்டுவந்து கொட்டியது மகாராஜா. இந்த மெல்லிய குழாய் கொஞ்சம் வளைந்துகொடுத்து, அதிர்ச்சியில் பாதியைத் தானே வாங்கிக்கொள்கிறது."

"செங்கோல் பிடிக்கும் கையில் வெற்றுக்குழாயா? இது ராஜ அவமதிப்பு! இதற்கே இவரை நாடு கடத்தலாம்!" என்றார் தளவாய்.

ராஜாவின் புருவம் நெரிந்தது. வழக்கம் வழக்கம்தானே?

"மகாராஜா, தளவாயார் தம் கெட்டிக் கம்பியைப் பிடித்துக் குளம்வரை போய்வரட்டும். திரும்பி வந்து தங்களைக் கும்பிட்டுவிட்டால், நான் இப்போதே கிளம்புகிறேன்."

"இவ்வளவுதானா?" தளவாய் ஒரு காவலனின் சைக்கிளில் கெட்டிக் கம்பியை மாட்டச் சொன்னார். பருத்த உடம்பின் பாரம் முழுவதையும் அதில் சாய்த்துக்கொண்டு பறந்தார்.

திரும்பி வந்தபோது, இறங்கியும் கை கம்பியைப் பிடித்த வாக்கிலேயே நின்றது. உள்ளங்கை இரண்டும் ஒன்றுசேர மறுத்தன.

"என்ன தளவாயாரே, கும்பிடச் சொன்னால் கிளியைப்போல நகத்தைக் காட்டுகிறீர்?" என்றார் வாஞ்சியப்பர்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பர் கழுத்தில் போட்டார். "இன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது! கெட்டிக் கம்பியைக் கிளிக்குக் கட்டுங்கள்!"

பிறகு ராணியின் பக்கம் திரும்பினார். "அலர், ஏறிக்கோ."

"இந்த வயசிலயா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. வாஞ்சியப்பருக்கு ஒரு நாள் ஓய்வு."

ராணி ஏறினாள். சைக்கிள் அந்த வேரை நோக்கிப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாளா என்று வாஞ்சியப்பருக்குத் தெரியவில்லை. குளம் வரைக்கும் அவள் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.