லாபம் மாடியில், நஷ்டம் கிடங்கில்

பல்லடத்தில் ஒரு கோழித்தீவனக் கிடங்கின் மாடியில் வெள்ளிங்கிரி கம்பெனி வைத்திருந்தான். கிரிப்டோ காசு வாங்கி விற்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கைத் தானாகப் போட்டுத் தரும் சாஃப்ட்வேர் செய்வது தொழில். வேலைக்கு நாச்சிமுத்து, சென்னியப்பன் என்று இரண்டு இன்ஜினியர்கள். மூவரில் விவரமானவன் வெள்ளிங்கிரிதான் என்று அந்த இருவரும் சொல்வார்கள். அதை வைத்தே அந்த இருவரையும் அளந்துகொள்ளலாம்.

கிடங்கும் மாடியும் மாமனார் ஆறுக்குட்டியுடையவை. அவரும் ஏழெட்டு வகை கிரிப்டோ வாங்கி விற்றிருந்தார்.

"மாப்ள, என்ற வரிக் கணக்கை வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள உங்க சாஃப்ட்வேரு தாக்கல் பண்ணோணும். இல்லீன்னா மாடியைக் காலி பண்ணிட்டு நம்ம பண்ணைக்கு முட்டை பொறுக்க வந்துருங்க" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிங்கிரிக்குச் சின்ன வயதிலிருந்தே கோழி என்றால் பயம். அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் முதல் வேலையாக ஆடிட்டர் வசந்தகோகிலத்திடம் யோசனை கேட்டான்.

"ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. ஒரு காசுல வந்த நஷ்டத்தை இன்னொரு காசோட லாபத்துல கழிக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது" என்றார் அந்த அம்மாள்.

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டையும் வெச்சா உள்ளார தொட்டுக்காதா?" என்றான் வெள்ளிங்கிரி.

"நாம பாத்துட்டு இருக்கற வரைக்கும் தொடாது. ஊட்டுக்குப் போனப்பறம் யாரு கண்டா?" என்றான் நாச்சிமுத்து.

நியாயமான சந்தேகம். ஆகவே லாபக் கம்ப்யூட்டரோடு நாச்சிமுத்து மாடியில் இருந்தான். நஷ்டக் கம்ப்யூட்டரோடு சென்னியப்பன் கீழே தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தான். பத்து வருஷமாக ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவர்கள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மனஸ்தாபம் ஒன்றுமில்லை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டார்கள்.

மாமனாரின் ஒவ்வொரு விற்பனையையும் சீட்டில் எழுதி, லாபமா நஷ்டமா என்று பார்த்து, உரிய இடத்தில் சேர்ப்பது வெள்ளிங்கிரியின் வேலை. முதல் நஷ்டச் சீட்டைக் கீழே கொடுத்துவிட்டு அவன் படியேறியதும் சென்னியப்பன் கத்தினான்.

"ஏனுங்க, நஷ்டத்தைத் தொட்ட கையோட லாபத்துக்கிட்டப் போறீங்களே! எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்தா, தண்ணி வாத்துக்காம உள்ள போவமா?"

வெள்ளிங்கிரி பாதிப் படியிலேயே திரும்பி இறங்கினான். உடனே படிக்கட்டின் அடியில் ஒரு டிரம் வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். நஷ்டச் சீட்டு ஒன்றுக்கு ஒரு தலைமுழுக்கு. செவ்வாய்க்கிழமை பதினான்கு முறை குளித்தான். புதன்கிழமை முப்பத்தொன்று. வியாழக்கிழமை காய்ச்சலோடு குளித்தான். மாமனார் அந்த அளவுக்கு நஷ்டப்பட்டிருந்தார். பாவம், வெள்ளிங்கிரியைச் சும்மா சொல்லக் கூடாது, ஒரு சீட்டுக்குக்கூட அவன் ஏமாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு எல்லாம் தயார். மாடிக் கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்தினால் ஆறுக்குட்டியின் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால் கணக்கு தாக்கலாகிவிடும். ஆறுக்குட்டியும் வந்து சேர்ந்தார். வந்தவர் நேரே மாடிக்குப் போயிருக்கலாம். கிடங்குக்குள் எட்டிப் பார்த்து, "இத்தனையா போச்சு?" என்று நஷ்டக் கம்ப்யூட்டரின் திரையைத் தடவிவிட்டார்.

"மாமா!" என்று அலறினான் வெள்ளிங்கிரி.

விஷயத்தைச் சொன்னதும் ஆறுக்குட்டியின் முகம் வெளிறிவிட்டது. "அய்யோ, தெரியாமத் தொட்டுட்டனுங்க மாப்ள. ஊத்துங்க!" என்று கைகூப்பி நின்றார்.

வெள்ளை வேட்டி சட்டையோடு எட்டு வாளி ஊற்றினார்கள். ஆறுக்குட்டி சொட்டச் சொட்டப் படியேறினார். நாச்சிமுத்து பொத்தானை அழுத்தினான்.

"ஓடிபி வந்திருக்குமுங்க. போனை எடுங்க."

ஆறுக்குட்டி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது.

"ரெண்டு நாளு அரிசிக்குள்ள போட்டு வெச்சாக் காஞ்சுருமுங்க" என்று கீழே இருந்து குரல் கொடுத்தான் சென்னியப்பன்.

"அஞ்சாகறதுக்கு இன்னும் அஞ்சு நிமிசந்தானடா இருக்குது!" என்றான் வெள்ளிங்கிரி. அவன் காதில் ஆயிரம் கோழிகள் கொக்கரித்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி, பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நின்றுபோன கடிகாரத்தை மறுபடி மாட்டினான்.

ஆறுக்குட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ற புள்ளைய உங்களுக்குக் குடுத்தது வீண் போகலீங்க மாப்ள" என்றார்.

திங்கட்கிழமை காலை வெள்ளிங்கிரியின் போனில் ஆடிட்டர் அம்மாள் கூப்பிட்டார். "என்னப்பா, உங்க மாமனார் கணக்கு இன்னும் தாக்கலாகலையே?"

வெள்ளிங்கிரி தலையை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

"அவசரப்படாதீங்க மேடம். இன்னும் அஞ்சு நிமிசம் இருக்குதுங்க."