பூட்ஸ் தடத்து மேல

நஞ்சி காட்டுல கடுக்காய் பொறுக்கிப் பொழைக்கிறவ. அந்தக் காட்டைப் பாக்க ஜீப்புல வந்து எறங்கினாரு பெரிய ஆபீசர், பூட்ஸு மினுமினுக்க.

"இங்க எங்கம்மா புலி? பொழுது சாயறதுக்குள்ள காட்டு. இல்லேன்னா, 'புலி இல்லாத காடு, மரத்தை வெட்டிக்கலாம்'னு எழுதிருவேன்."

மரம் போச்சுன்னா கடுக்காயும் போச்சு, கஞ்சியும் போச்சு. நஞ்சி கும்பிட்டா.

"புலியை நாம தேட வேணாம் சாமி. அதுவா நம்மளத் தேடி வரும். ஓடை வரைக்கும் நடந்துட்டுத் திரும்புவோம், வாங்க."

போனாங்க. ஒரு குருவி சத்தமில்ல. திரும்பி வந்தா, ஈர மண்ணுல ஆபீசரோட பூட்ஸ் தடம். ஒவ்வொரு தடத்து மேலயும் அகலமா ஒரு புலித்தடம்.

"பி... பின்னாலயே வந்திருக்கு!"

"ஆமா சாமி. இப்ப எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லவா?"

"ஐயோ வேணாம்! புலி இருக்கு! இருக்குன்னே எழுதறேன்! ஜீப்பை எடுப்பா!"

ஜீப்பு போனதும் நஞ்சி புதரைப் பாத்துச் சிரிச்சா.

"வெளிய வாய்யா! கையை மடக்கிப் பதிச்ச தடம்னு யாரு சொல்லுவா?"

பதில் ஊருப் பக்கமிருந்து வந்துச்சு. அவ புருஷன் பெட்டன் மூச்சு வாங்க ஓடியாந்தான்.

"கோவிச்சுக்காத புள்ள, தூங்கிட்டேன். இப்பப் போயி பதிச்சுடவா?"

நஞ்சி மெதுவாத் திரும்பிப் பாத்தா. இப்பத்தான் நடந்து வந்த அவ வெறுங்கால் தடத்து மேலயும் ஒண்ணு இருந்துச்சு.