அடியில் கிடந்த ஒன்றாம் பிரதி

ஒரு மடிக்கணினிக்குள் ஒரு பெட்டகம் இருந்தது. எழுதியதை எத்தனை முறை திருத்தினாலும் பழையதைத் தூக்கிப் போடாமல், பிரதி பிரதியாக அடுக்கி வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு பிரதியின் தலையிலும், என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். அது மென்பொருள் தொழிலின் வழக்கம்.

அந்தப் பெட்டகத்தில் தாட்சாயணியின் உரை ஒன்று பதினேழு பிரதிகளாகக் கிடந்தது. தாட்சாயணி மதுரையில் மென்பொருள் எழுதுகிறவள். சனிக்கிழமை மதியம் அறுபது பேர் முன்னால், இந்தப் பெட்டகத்தைப் பற்றித்தான் பேசப் போகிறாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றாம் பிரதி. அதன் தலையில் இருந்த வரி: ‘பயமா இருக்கு. மனசுல வந்ததை எழுதிட்டேன்.’ எழுதிய அன்று அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். நடுவில் குரல் கம்மியது. அந்த ஒரே முறைதான். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று ஒன்றாம் பிரதி ஏங்கிக் கிடந்தது.

அதற்கப்புறம் அவள் பேர்போன ஒரு பேச்சாளரின் காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்தாள். வந்தது வினை. இரண்டாம் பிரதியின் தலையில் ‘அழுத கதை நீக்கம்’. ஐந்தில் ‘ஜோக் சேர்ப்பு’. ஒன்பதில் ‘கை வீச வேண்டிய இடங்கள்’. பதினேழில் ‘கடைசி மெருகு’.

"என்ன பெருசு, இன்னும் மூச்சு இருக்கா?" என்று மேலிருந்து கேட்டது பதினேழு.

"இருக்கு. என்னைக்காவது கூப்பிடுவா."

"உன்னையா? மேடையில ஏறினதும் ‘நான் தப்புப் பண்ணிட்டேன்’னு ஆரம்பிப்பியே, உன்னையா? என்கிட்ட மூணு ஜோக் இருக்கு, தெரியுமா?"

 ஒன்றாம் பிரதியிடம் ஜோக் கிடையாது.

சனிக்கிழமை வந்தது. பதினேழு திரையில் ஏறியது. தாட்சாயணி குறித்த இடத்தில் கையை வீசினாள், குறித்த இடத்தில் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டம். இரண்டாவது ஜோக்குக்கே முன்வரிசை கொட்டாவி விட்டது. இத்தனைக்கும் பாதிப் பேர் ‘கடைசி’, ‘கடைசியோ கடைசி’, ‘இதுதான் கடைசி’ என்று கோப்புகளுக்குப் பேர் வைத்துவிட்டு அப்புறம் தேடி அலைகிறவர்கள். அவர்களுக்கு இந்தப் பேச்சு அவசியம் வேண்டும். ஆனால் ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

வேர்த்துப்போன தாட்சாயணி செய்முறைக்குத் தாவினாள். "எந்தப் பழைய பிரதியை வேணும்னாலும் திரும்ப எடுக்கலாம். இந்தப் பேச்சை வச்சே காட்டறேன். பதினேழுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

பின்வரிசையில் அரைத்தூக்கத்தில் இருந்த ஜமால் வாயில் வந்ததைச் சொன்னான். "ஒண்ணு."

அவள் விரல் தயங்கியது. கேட்டவளே மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஒன்றாம் பிரதி அடியிலிருந்து எழுந்து திரைக்கு வந்தது. வெளிச்சம் கூசியது. இத்தனை நாளுக்கப்புறம் அவள் முகத்தைப் பார்த்ததும் அதற்கு அழுகை வந்தது.

"போன வருஷம் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்..." என்று படிக்கத் தொடங்கினாள் தாட்சாயணி. "ஆறு பேரோட மூணு வார வேலையை ஒரே நிமிஷத்துல அழிச்சிட்டேன். பாத்ரூம்ல போய் நின்னு அழுதேன்." குரல் கம்மியது. கைகள் வீச மறந்து தொங்கின.

கொட்டாவிகள் நின்றன. ஜமால் எழுந்தே நின்றுவிட்டான். "அப்புறம் எப்படி மேடம் மீட்டீங்க?"

"எல்லாம் பெட்டகத்துலயே இருந்துச்சுங்க. நான்தான் பயத்துல திறந்து பாக்கலை. எப்படி எடுக்கறதுன்னு காட்டறேன், வாங்க."

நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. யாரோ பேனா கேட்டார்கள்.

அன்று மாலை தாட்சாயணி அதே சொற்களைப் பதினெட்டாம் பிரதியாக மேலே சேமித்தாள். தலையில் எழுதினாள்: ‘பழைய பேச்சே போதும்.’ ஒன்றாம் பிரதி தன் பழைய இடத்துக்கே திரும்பியது. அதற்கு வருத்தமில்லை. அந்தக் குரலைக் கேட்டாயிற்று.

"பெருசு," என்றது பதினேழு. அதற்கு மேலே இப்போது பதினெட்டு இருந்தது. "இங்க எவ்வளவு நாள் காத்திருக்கணும்?"

ஒன்றாம் பிரதிக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை. அந்த ஏக்கம் அதற்குத் தெரியும்.

"அவ மறுபடி வேற யார் மாதிரியாவது பேச ஆசைப்படற வரைக்கும்," என்றது. "அப்போ உன்னைக் கூப்பிடுவா. அப்புறம் காத்திருக்கிறது என் முறை."